விடுமுறைக்கு வீடு நிறையும்போது: பிள்ளைகள் பேச்சில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எத்தனையோ பெரிய வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கின்றன. படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்ற சடங்கு) என்று ஏதாவது வந்தால் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூரிலிருந்தெல்லாம் பங்காளிகள் வந்து வீடு நிறையும். பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். எப்போதோ ஒருமுறை பார்க்கிற அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாம் ஒரே வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஓடுவார்கள். இரண்டாம் நாளே சண்டையும் வரும். வரட்டும், அது இயல்பு. அந்த நேரத்தில் பெரியவர்கள் நாம் செய்கிற சில காரியங்களை மட்டும் நிறுத்திக்கொண்டால், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு இதமாகப் பேசத் தானே பழகிவிடுவார்கள்.

விசாரிக்கும் முன்பே தீர்ப்பு

முகப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் தாயம் ஆடுகிறார்கள். ஓடி வந்த ஒரு பையனின் கால் பட்டுக் காய்கள் சிதறுகின்றன. "வேணும்னே பண்றான்!" என்று ஒரு கத்தல். உள்ளேயிருந்து வரும் பெரியவர், என்ன நடந்தது என்று கேட்காமலே "அவன் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார். எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது என்பது என் எண்ணம். கடுஞ்சொல் வாயில் வருவதற்கு முன்பே, "இவன் என்னை வம்புக்கு இழுக்கிறான்" என்ற முடிவு மனதில் வந்துவிடுகிறது. அந்த முடிவை அப்படியே விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் திருத்த முடியாது.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறுவர்கள் சேர்த்துக்கொண்டிருந்த படப்புதிரை வேறொரு சிறுவன் கலைத்துவிட்டதாக அவர்களை நம்பவைத்தார்கள். வேண்டுமென்றே கலைத்தான் என்று தெரிந்தபோது எல்லாச் சிறுவர்களுக்கும் கோபம் வந்தது. ஏன் கலைத்தான் என்று புரியாதபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடிக்கடி சண்டை போடுகிற சிறுவர்கள் அதையும் கெட்ட எண்ணமாகவே எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அடக்கமாக இருந்தார்கள்.

அதனால் பிள்ளைக்குப் பழக்க வேண்டியது ஒரு கேள்வியை. "தெரியாம பட்டுச்சா, வேணும்னே தட்டுனியா?" என்று சாதாரணக் குரலில் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். சில சமயம் எதிராளி பொய் சொல்வான். பரவாயில்லை, கேட்டு முடிப்பதற்குள் ஓங்கிய கை இறங்கிவிடும்.

பிள்ளை இதை நம்மைப் பார்த்துத்தான் கற்கும். கல்யாண வீட்டில் "என்னைப் பாத்து ஒரு வாங்க சொல்லலையே" என்று வருகிற மனத்தாங்கல் செட்டிநாட்டில் எல்லோரும் அறிந்ததுதான். வந்தவரை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் வாங்க என்று கேட்பது அருமையான வழக்கம், பிள்ளைகளுக்கும் அதைக் கட்டாயம் பழக்க வேண்டும். ஆனால் பந்தி, சீர் என்று ஆயிரம் வேலைக்கு நடுவே ஒருவர் கவனிக்காமல் போயிருக்கலாம். "வேலை மும்முரத்துல பாத்திருக்க மாட்டா" என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளரும் பிள்ளை, தாயக்காய் சிதறும்போதும் அப்படியே நினைக்கும். "வேணும்னே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா" என்று கேட்டு வளர்ந்தால் அதுவும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வளவு திறந்த முற்றம். ஒரு மூலையில் பேசினால் நாலு பக்கமும் கேட்கும். பிள்ளைகள் விளையாட்டில் இருக்கிறார்கள் என்று நம்பி எதையும் பேசிவிடக் கூடாது.

எல்லோர் முன்னாலும் "ஸாரி சொல்லு"

அப்பச்சி (அப்பா) பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து வந்து, சொந்தக்காரர்கள் பார்க்க ஸாரி சொல்ல வைக்கிறார். பிள்ளை தரையைப் பார்த்து முணுமுணுக்கிறது. கேட்டவனுக்கும் ஆறுதல் இல்லை, சொன்னவனுக்கும் அவமானம்தான் மிச்சம். பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. வீட்டுக்கும் நாம் அந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாமே. வீட்டின் உள்பக்கத்து இரண்டாம் கட்டுக்குத் தனியாகக் கூட்டிப்போய், கோபம் ஆறும் வரை இருந்து, "அவளுக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். அப்புறம், "நீ என்ன செஞ்சா அவளுக்குச் சரியாகும்?" என்று கேளுங்கள். காய்களைப் பொறுக்கி அடுக்கித் தருவான், பணியாரத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பான். மன்னிப்புச் சொல் அதோடு வந்தால் நல்லது, மறுநாள் வந்தாலும் நல்லதுதான்.

ஒருத்தி தலையிலேயே கட்டுவது

"நீ ஆச்சிதானே, தம்பிக்கு விட்டுக்கொடு." ஆச்சி என்றால் இங்கே அக்கா. மூத்த பெண்பிள்ளையிடம் காலையிலிருந்து ராத்திரி வரை இதையே சொல்கிறோம். ஊஞ்சல், ஜன்னலோர இடம், கடைசி சீப்புச் சீடை எல்லாம் தம்பிக்கு. "பொம்பளப் பிள்ளை பொறுத்துப் போகணும்" என்று வேறு சேர்த்துக்கொள்கிறோம். இது அநியாயம். தன் வருத்தத்தைச் சொல்லக் கூடாது என்றுதான் அவள் இதில் கற்கிறாள். தனக்கு எல்லாம் கிடைக்கும் என்று தம்பி கற்கிறான். பொறுமை இரண்டு பக்கமும் புழங்க வேண்டும். "இன்னிக்கு ஆச்சி விட்டுக்கொடுத்தா, நாளைக்கு நீ" என்று தம்பியிடம் சொல்லி, மறுநாள் மறக்காமல் நடத்திக் காட்டுங்கள்.

வீட்டில் வேலை செய்பவர்களிடம் பேசும் பேச்சு

விருந்தாளிகளிடம் "வாங்க, போங்க" என்று அழகாகப் பேசுகிற பிள்ளை, பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவை "ஏய், இங்க வா" என்று கூப்பிடும். ஐயா (தாத்தா) வயதுள்ள வாட்ச்மேனைப் பெயர் சொல்லி அதட்டும். பெரியவர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். மரியாதையை ஆளைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று பழகிய பிள்ளை, நாளைக்கு வகுப்பில் எளிய பிள்ளையிடமும் அப்படித்தான் பேசும். அக்கா, அண்ணே என்று முறை வைத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் கூப்பிடுங்கள்.

இன்னும் சில

நிறம், எடை, மார்க் பற்றிய ஒப்பீடு வேண்டவே வேண்டாம். "சிங்கப்பூர்ப் பிள்ளை எப்படித் தமிழ் பேசுது பாரு" என்று சிரிப்பதும் அதில் சேர்த்திதான். இரண்டு, மூன்று வயதுக் குழந்தையிடம் "அவன் மனசு நோகும்ல" என்று வாதாடிப் பயனில்லை. இன்னொருவர் நினைப்பது தான் நினைப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்பதே பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதில்தான் தெளிவாகப் புரியத் தொடங்குகிறது. அதுவரை கையைப் பிடித்துத் தடுத்து, நாம் மெல்லப் பேசிக் காட்டினால் போதும்.

பொறுத்துக்கொள் என்று சொல்லவே கூடாத இடமும் உண்டு. ஒரே பிள்ளையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பக் கேலி செய்வது, மிரட்டுவது, தனியாகக் கூப்பிட்டு அடிப்பது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது எல்லாம் பிள்ளைகள் சண்டைக் கணக்கில் வராது. செய்தவர் யார் வீட்டுப் பிள்ளையானாலும், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், "நீ வந்து சொன்னது சரி" என்று முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். அன்றைக்கே இருவரையும் பிரித்து வையுங்கள், அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் நேராகப் பேசுங்கள். பேசியும் நிற்காவிட்டால், அல்லது தொடுகை சம்பந்தப்பட்டது என்றால் பேச்சுவார்த்தைக்குக் காத்திராமல், குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பிள்ளையே நேரடியாகவும் அழைக்கலாம் என்பதால், அந்த எண்ணை அதற்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.