நுண்குமிழியும் இரத்த ஓட்டமும்: கல்லீரல் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டைச் செய்யும் முறை

கல்லீரல் கட்டிகளை ஆராயப் பயன்படும் அல்ட்ராசவுண்ட் கான்ட்ராஸ்ட் மருந்துகளில் (இரத்த ஓட்டத்தைத் திரையில் துலக்கிக் காட்டுபவை) ஒன்று, சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவை மெல்லிய கொழுப்பு உறைக்குள் அடைத்த நுண்குமிழிகளால் ஆனது. பெரும்பாலும் சிவப்பணுவை விடச் சிறியவையான இக்குமிழிகள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறுவதில்லை. ஆகவே திரையில் எந்த இடம் எப்போது ஒளிர்கிறது என்பது இரத்தம் அங்கே வந்து சேரும் விதத்தைப் பொறுத்தது.

முழங்கைச் சிரையில் 20 கேஜ் அளவுள்ள கேனுலாவை (சிரைக்குள் செருகும் குழாய்) பொருத்துவது நல்லது, ஏனெனில் மிக மெல்லிய ஊசி வழியே அழுத்திச் செலுத்தினால் குமிழிகள் உடலுக்குள் போகும் முன்பே உடையக்கூடும். ஒலியழுத்தத்தின் வலிமையைக் காட்டும் மெக்கானிக்கல் இன்டெக்ஸ் என்ற எண்ணை 0.1-க்கு அருகிலோ அதற்குக் கீழோ வைத்து, மருந்தைச் செலுத்தும்போதே கருவியின் கடிகாரத்தையும் ஓடவிட்டு, பின்னாலேயே 5 முதல் 10 மி.லி. சலைனைச் செலுத்த வேண்டும்.

பொதுவாக 10 முதல் 20 விநாடிக்குள் தமனிக் கட்டம், அதாவது கல்லீரல் தமனி வழியே மருந்து வந்து சேரும் நேரம், தொடங்கும். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலையும் மண்ணீரலையும் சுற்றிக்கொண்டு போர்ட்டல் சிரை வழியாக வருவதால், போர்ட்டல் சிரைக் கட்டம் 30 முதல் 45 விநாடிக்குப் பிறகே தெரியும். இதயம் வலுவிழந்த நோயாளியிடம் எல்லாமே தாமதமாகும் என்பதால், கடிகாரத்தை மட்டும் நம்பாமல், கல்லீரல் தமனியும் போர்ட்டல் சிரையும் ஒளிரும் தருணங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். குறைந்த ஒலியழுத்தத்திலும் ஒரே தளத்தை இடைவிடாமல் ஸ்கேன் செய்தால் சில குமிழிகள் உடையத்தான் செய்யும். ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் புதியவை உடனே வந்து ஈடுசெய்துவிடும், ஹீமாஞ்சியோமா (இரத்தக் குழாய்களால் ஆன தீங்கற்ற கட்டி) போன்ற மந்த ஓட்டக் கட்டியிலோ அப்படி நிகழாமல் பகுதி மெல்ல இருண்டுபோகும். நாமே உண்டாக்கிய இந்த இருளை, புற்றுக்கட்டிகளில் பொதுவாகக் காணப்படுவது போல மருந்து வெளியேறியதாகக் கொண்டால், தீங்கற்ற கட்டியைப் புற்றுநோய் என்று ஐயுற நேரிடும். ஆகவே முதல் 60 விநாடிக்குப் பிறகு ப்ரோபை (உடல்மேல் வைக்கும் ஸ்கேன் முனை) அவ்வப்போது மட்டும் வைத்துப் பார்ப்பதே முறை.

அதே உடைதலைத் திட்டமிட்டும் பயன்படுத்தலாம். உயர்ந்த ஒலியழுத்தத்தைக் கணநேரம் செலுத்திக் குமிழிகளை அழித்துவிட்டு, உடனே பழைய அளவுக்குத் திரும்பினால், புதிய குமிழிகள் நிறைவதை நேரடியாகக் காணலாம். ஒளி ஏறும் விரைவு இரத்தத்தின் வேகத்தையும், அது நிலைபெறும் உச்சம் அங்குள்ள இரத்தத்தின் அளவையும் சுட்டும். தந்துகிகளில் ஓட்டம் மிக மெதுவாக இருப்பதால், இரத்த ஓட்டத்தை அளக்கும் வழக்கமான டாப்ளர் அல்ட்ராசவுண்டுக்குப் பிடிபடாததும் இதில் தெரியவரும். எண்ணளவில் கணிக்க விரும்பினால் மருந்தை ஒரே தடவையாகத் தராமல், செறிவு மாறாதபடி பம்ப் மூலம் தொடர்ந்து செலுத்த வேண்டும்.