பானையைப் பார்க்காதீர்கள், முழங்கையைப் பாருங்கள்
மண்பாண்டக் கலைஞரிடம் நேரில் கற்கப் போனால், சக்கரத்தில் எழும்பும் பானையை விட்டுவிட்டு அவருடைய முழங்கையைக் கவனியுங்கள். தொடையிலோ இடுப்பிலோ அசையாமல் ஊன்றியிருக்கும். மண் ஆடாமல் நடுவில் நிற்பதன் சூட்சுமம் பாதி அங்கேதான். அப்புறம், முதலில் செய்யும் பானைகளைப் பத்திரப்படுத்த ஆசைப்படாதீர்கள். ஈரம் காயும் முன்பே மெல்லிய கம்பியால் மேலிருந்து கீழாக அறுத்துப் பாருங்கள். அடியில் தடித்து, விளிம்பில் மெலிந்திருந்தால் கை எங்கே தவறியது என்று அவரிடமே கேட்கலாம். மனசு வலிக்கும்தான். சரி, சுடாத மண் வீணாகாது. ஊறவைத்துப் பிசைந்தால் மறுபடி பானை. கைப்பிடி ஒட்டும்போது பானையிலும் கைப்பிடியிலும் ஒட்டும் இடத்தைக் கீறி, மண்கூழ் (தண்ணீரில் குழைத்த மண்) தடவுங்கள். இரண்டின் ஈரமும் ஒத்துப்போகாவிட்டால் காயும்போது விரிசல்தான்.