வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: பிள்ளையின் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிள்ளை நல்லா ஓடி விளையாடுது, இருமலும் இல்லை. பிறகு ஏன் கிளினிக்?" அப்பாவின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்ததும் வீட்டில் எழும் கேள்வி இது. பெரிய தவறும் இங்கேதான் தொடங்குகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையில் தொற்று, நோயாக மாறுவதானால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாறிவிடும். கைக்குழந்தையில் அது மூளையுறை வரை போகலாம். இருமல் வரட்டும் என்று இருந்தால் தடுப்பு மருந்து கொடுக்கும் காலம் கடந்துவிடும். கொழும்பு மருதானை டீன்ஸ் வீதியிலுள்ள மத்திய மார்பு நோய்க் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விசாரிக்க வரும்போது சொந்தப் பிள்ளைகளின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பகல் முழுக்க நோயாளி இருக்கும் அறையில் விட்டுச்செல்லும் தங்கச்சியின் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது.

பீ.சீ.ஜீ. என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைக் காட்டி ஆறுதலடைவதும் சரியல்ல. அந்த ஊசி மூளையுறைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைப் பெருமளவு தடுக்கும். கிருமி தொற்றாமல் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

காசநோய்க் கிருமி தொற்றியதா என்று தோலில் பார்க்கும் மாண்டூ பரிசோதனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளே 0.1 மில்லிலீற்றர் மருந்து போடுவார்கள். அந்த இடத்தைச் சொறியவோ, கிரீம் பூசவோ, பிளாஸ்டர் ஒட்டவோ கூடாது. 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் திரும்பப் போக வேண்டும்; திங்கள் போட்டால் புதன் அல்லது வியாழன். தாதி விரலால் தடவி, தடிப்பின் விளிம்பு தட்டுப்படும் இரு பக்கமும் பேனையால் கோடிட்டு, கைக்குக் குறுக்காக அளப்பார். அளப்பது தடிப்பை, சிவப்பை அல்ல. அதனால்தான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பயனில்லை. பொதுவாக 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று கொள்வார்கள். கடுமையாக மெலிந்த பிள்ளைக்கு 5 மி.மீ. போதும்.

தடிப்பே இல்லாவிட்டாலும் விடுதலை என்று நினைக்காதீர்கள். தொற்றிய பின் உடல் பதில் காட்ட 2 முதல் 8 வாரம் வரை எடுக்கலாம். அண்மையில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசி போட்டிருந்தாலும் தடிப்பு மங்கலாம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எடை குறித்த கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். ஏறாமல் படுத்துவிட்ட எடைக் கோடு, இருமலைவிட முக்கியமான தடயமாகலாம். கழுத்தில் வலியில்லாத கட்டி, இரண்டு வாரம் தாண்டிய காய்ச்சல், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். சிறுபிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் சில வேளை விடியற்காலையில் இரைப்பையிலிருந்து மாதிரி எடுப்பார்கள். அழுகிறதே என்று ஒரு வாய் பால் கொடுத்தாலும் அந்த மாதிரி கெட்டுப்போகும்.

நோய் இல்லை என்று உறுதியான பிறகே தடுப்பு மருந்து. இருக்கும் நோய்க்கு, தடுப்புக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். வழமையான அளவு ஒரு கிலோவுக்கு 10 மி.கி., தினமும், ஆறு மாதம். எடை கூடும்போது அளவும் கூட வேண்டும். வீட்டு நோயாளியின் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருந்தால் இந்த வழி பொருந்தாது. அதனால் அவருடைய பரிசோதனை முடிவையும் எடுத்துச் செல்லுங்கள்.

மருந்து குடிக்கும் காலத்தில் சூரை, கெலவல்லா (இவை ரியூனா வகை) மீன்களைத் தவிருங்கள். அவற்றிலுள்ள ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உடல் உடைப்பதை ஐசோனியாசிட் தடுப்பதால் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். வாந்தி நிற்காவிட்டால் அல்லது கண் மஞ்சளித்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் போங்கள்.