சிறார் இறகுப்பந்துப் பயிற்சியில் எதிர்வினை விளக்குகளும் கைப்பேசிக் கேமராவும்

ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய பரப்பு 5.18 மீட்டர் அகலமும் 6.70 மீட்டர் நீளமும்தான். இந்தச் சிறிய இடத்துக்குள் எந்தப் பக்கம் போவது என்று கணத்தில் முடிவெடுத்து, பாய்ந்து, நின்று, மீண்டும் நடுவுக்கு வருவதுதான் கடினம். கூம்புகளை வரிசையாக வைத்து ஓடவிட்டால் அடுத்த இடம் எது என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதால், கால்கள் மட்டுமே பழகும். எது எப்போது எரியும் என்று முன்கூட்டியே தெரியாதபடி மாறிமாறி எரிந்து, போக வேண்டிய இடத்தைக் காட்டும் எதிர்வினை விளக்குகள் அந்த வரிசையைக் கலைத்துவிடுகின்றன.

விளக்குகளை நான்கு மூலைகளிலும் இரு பக்கவாட்டிலும் தரையில் வைப்பதே பலருக்கு வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். பின்மூலை விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பிள்ளைகள் வலைக்கு முதுகைக் காட்டத் தொடங்கினார்கள். ஆட்டத்தில் வரவே கூடாத பழக்கம் அது. ஆகவே எல்லா விளக்குகளையும் வலைக்கு அப்பால், எதிராளி நிற்கும் இடத்தில், ஒரு பலகையில் மூன்று வரிசையாகப் பொருத்துங்கள். மேல்வரிசை பின்மூலைகளையும், நடுவரிசை பக்கவாட்டையும், கீழ்வரிசை வலையோர மூலைகளையும் குறிக்கட்டும். விளக்கு வாங்க வசதியில்லையென்றால், அம்புக்குறிகளை வரிசை மாற்றிக் காட்டும் டேப்லெட் செயலி போதும். அதுவும் இல்லையென்றால் பயிற்சியாளரின் கை போதும்.

உடலைச் சூடேற்றிய பின், களைப்பு வருவதற்கு முன், 15 வினாடி ஓட்டமும் 45 வினாடி ஓய்வுமாக ஆறு சுற்றுகள், வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கலாம். வலையோரம் எட்டி அடி வைக்கும்போது குதிகால் முதலில் பதிய வேண்டும். முழங்காலும் கால்விரல்களும் ஒரே திசையை நோக்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால், ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையிலான நேரத்தைக் கூட்டி வேகத்தைக் குறையுங்கள். வளரும் வயதில் முழங்கால் வலி என்று பிள்ளை சொன்னால், அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளக்கு கற்றுத்தராத ஒன்றும் உண்டு. எதிராளி ஷட்டிலை அடிக்கும் கணத்தில் சிறிதாகத் துள்ளி இரு கால்களும் தரையில் படும் ஸ்பிளிட் ஸ்டெப், எதிரே ஆள் நின்று அடித்தால்தான் கைகூடும். அதனால் சில வாரங்களில் பலகையை எடுத்துவிட்டு, பயிற்சியாளரே அடிக்க, பக்கவாட்டில் முக்காலியில் கைப்பேசியை வைத்து, ராக்கெட்டும் பிள்ளையின் பாதங்களும் ஒரே காட்சியில் தெரியும்படி, வினாடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம்பிடியுங்கள். என்னிடம் பயின்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இப்படியொரு பதிவைப் பிரேம் பிரேமாக ஓட்டிக் காட்டினேன். ஷட்டில் ராக்கெட்டைவிட்டுக் கிளம்பி 40 பிரேம்கள், அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கு, கடந்த பிறகும் அவளுடைய குதிகால்கள் தரையை விட்டு எழவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. அவளே திரையைத் தொட்டுப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி எண்ணினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் கேமராவை வைத்து அந்த எண்ணிக்கையைப் பிள்ளையையே எடுக்கச் சொல்லி, அவரவர் நோட்டில் தேதியுடன் எழுதவையுங்கள்.