பணத்தின் வரலாற்றைப் படிக்கும் முறை

பண்டமாற்று, நாணயம், தாள், அட்டை, கைபேசி என்று படிக்கட்டுபோல் அடுக்கியே பணத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். இந்த வரிசையை மனப்பாடம் செய்தால் ஆண்டுகள் நினைவில் நிற்கும். ஒன்றை விட்டு மக்கள் இன்னொன்றுக்கு ஏன் மாறினார்கள் என்பது விளங்காது. ஆகவே, எந்தக் காலத்தைப் படித்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைப் பெற்றுக்கொண்டவர் எதை நம்பிப் பெற்றுக்கொண்டார்?

நாணயத்துக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குவது நல்லது. மெசொப்பொத்தேமியாவில் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். ஷெக்கல் என்பது முதலில் எடையின் பெயர், சுமார் 8 கிராம். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தார்கள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியாவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நாணயம் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கடன் கணக்கு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் பார்வையில், இந்த வரலாற்றில் முதலில் மனத்தில் பதிய வேண்டிய செய்தி இதுதான்.

அடுத்து, வரி வரியான விளிம்புள்ள ஒரு நாணயத்தைக் கையில் எடுத்து, அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தங்கமும் வெள்ளியும் புழங்கிய நாளில் ஓரத்தைச் சுரண்டி உலோகத்தைத் திருடுவது எளிது. சுரண்டினால் உடனே தெரியட்டும் என்றே இந்த வரிகள் வந்தன. உள்ளே விலையுயர்ந்த உலோகம் இல்லாத இன்றைய நாணயங்கள் பலவற்றிலும் அவை தொடர்கின்றன. ஆனால், ஓரத்தைச் சுரண்டியவர்களைவிடப் பெரிய சேதத்தை ஆட்சியாளர்களே செய்திருக்கிறார்கள். அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறையத் தூய வெள்ளியாக இருந்த ரோமானிய நாணயம், மாற்றுக் குறைந்துகொண்டே போய், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளிப் பூச்சுக் கொண்ட செம்பாக முடிந்தது.

தாள் பணத்துக்கு வரும்போது இரண்டு இடங்களைச் சேர்த்துப் படியுங்கள். சீனாவின் சிச்சுவானில் இரும்புக் காசுகளைச் சுமக்க முடியாத வணிகர்கள் ரசீதுகளைக் கைமாற்றத் தொடங்க, 1020களில் அரசே அவற்றை வெளியிடும் உரிமையை எடுத்துக்கொண்டது. ஸ்வீடனில் 10 தாலர் (அந்நாட்டின் அன்றைய பண அலகு) மதிப்புள்ள செப்புத் தகடு ஒன்றே ஏறத்தாழ 20 கிலோ இருந்தது; 1661இல் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்று தாள்களை வெளியிட்டபோது மக்கள் விரும்பி வாங்கியதில் வியப்பில்லை. கையிருப்பை மீறி அது தாள்களை வெளியிட்டதால், சில ஆண்டுகளிலேயே திருப்பித் தர முடியாமல் நொடித்தது. ஒவ்வொரு பண வடிவத்துக்கும் ‘தோன்றிய காரணம்’, ‘சரிந்த காரணம்’ என இரண்டு பத்திகள் எழுதிவாருங்கள்; சுமை முதல் பத்தியிலும் மீறிய வாக்குறுதி இரண்டாவதிலும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

1950இல் வந்த டைனர்ஸ் கிளப் அட்டை, 1967இல் லண்டனின் என்ஃபீல்டில் திறந்த பணம் வழங்கும் இயந்திரம், 2007இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவை ஆகியவற்றை விரைவாகக் கடக்கலாம்; இவை மாற்றியது பெரும்பாலும் வேகத்தையும் எட்டும் தூரத்தையும்தான். 1971இல் தன் டாலரைத் தங்கமாக மாற்றித் தருவதை அமெரிக்கா நிறுத்தியதில் மட்டும் சற்று நின்று, முதல் கேள்வியை மீண்டும் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கைபேசியில் செலுத்திய ஒரு தொகையை எடுத்துக்கொண்டு, யாருடைய பேரேட்டில் எந்த எண் குறைந்தது, எதில் கூடியது என்று ஒரு தாளில் எழுதி, களிமண் பலகையைப் பற்றிய குறிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.