அடை வைப்பதென்றால் ஒரே இரவில் வையுங்கள்: ஊர்க்கோழியில் குஞ்சு எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்கு இங்கே இலங்கையில் தட்டுப்பாடு வந்ததிலிருந்து, எனக்குத் தெரிந்தவர்களிலேயே பலர் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வத்தளை, மட்டக்குளி, தெஹிவளைப் பக்கம் மதிலோரம் கொஞ்சம் நிலம் கிடைத்தாலே மூன்று நான்கு ஊர்க்கோழிகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று எப்படியும் ஒரு நாள் அடை கிடக்கும். அன்றிரவே எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். மூன்று வாரம் கழித்து மறுபடி செய்தி வரும். பெரும்பாலும் அது நல்ல செய்தியாக இருப்பதில்லை.

கூட்டைப் பூட்டுங்கள், தண்ணீர் வையுங்கள், நாய் பூனைக்கு எட்டாமல் பாருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். தொடங்குகிற எல்லாரும் மாறி மாறி விழும் குழிகள் சில உண்டு. அதில் ஒன்றைப் பற்றி நீளமாகவே சொல்லப் போகிறேன்.

கடை முட்டையை வைப்பது

கடையில் விற்பது சேவல் இல்லாத பண்ணையில் இட்ட முட்டை. பொரிக்காது.

சேவல் கூவினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று பேடுகளை மட்டும் வளர்ப்பவர்கள், சேவலோடு வளர்க்கும் யாரிடமாவது முட்டை வாங்கி வைக்கலாம்.

அடை உறுதியாகும் முன்பே முட்டை வைப்பது

ஒரு மத்தியானம் பெட்டியில் கூடுதல் நேரம் இருந்தால் அது அடை இல்லை. இரண்டு மூன்று இரவுகள் பரணில் ஏறாமல் பெட்டியிலேயே கிடக்க வேண்டும். கையைக் கிட்டக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்து உறுமும். நெஞ்சுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள்: மயிர் உதிர்ந்து, தோல் சுடச்சுட இருக்கும். அதற்குப் பிறகு முட்டையைப் பற்றி யோசிக்கலாம். முட்டைக்காகவே உருவாக்கிய பண்ணைக் கோழி இனங்களில் இந்தக் குணம் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. தப்பித்தவறி ஒன்று அடை கிடந்தாலும் பாதியில் எழுந்து போய்விடலாம்.

மற்றக் கோழிகள் முட்டையிடும் பெட்டியிலேயே அடை விடுவது

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்தத் தவறில் சாவது முழுதாக வளர்ந்த குஞ்சு.

நடப்பது இதுதான். மூன்று நான்கு பேடுகள் உள்ள வீட்டில் முட்டையிட ஒரே ஒரு பெட்டிதான் இருக்கும். அதிலேயே ஒரு பேடு அடை கிடக்கும். வீட்டுக்காரர் பத்து முட்டையை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். மற்றப் பேடுகளுக்கும் அதுதான் பழகிய இடம். காலையில் கேறிக்கொண்டு வந்து, அடைக்கோழியை நெருக்கித் தள்ளி, சில வேளை அதன் முதுகிலேயே ஏறி நின்று முட்டையிட்டுவிட்டுப் போகும். அடைக்கோழி அந்த முட்டையையும் அலகால் இழுத்து வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொள்ளும். தன் முட்டை, பிறர் முட்டை என்று அது பார்ப்பதில்லை. நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் பத்து, பதின்மூன்றாகியிருக்கும். கூடுதலாகக் குஞ்சு வரும் என்று வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். இடம் இருக்கிறதே என்று தாங்களே நாளுக்கொன்று சேர்ப்பவர்களும் உண்டு.

ஹெந்தளையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் இப்படித்தான் ஆனது. காலையில் குரல் பதிவு வந்தது. "தம்பி, நாலு குஞ்சு பொரிச்சிட்டுது. மிச்சம் ஒண்டும் வெடிக்கேல்லை. கோழி இறங்கி முத்தத்திலை நிக்குது. முட்டையெல்லாம் குளிர்ந்துபோச்சு, என்ன செய்யிறது?" நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஒவ்வொரு முட்டையாகக் காதோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் சத்தமில்லை. ஒன்றை மெல்ல உடைத்தோம். உள்ளே தலையைச் செட்டைக்குள் செருகியபடி முழுக் குஞ்சு. நகம் இருந்தது. அலகு நுனியில் ஓட்டைக் குத்துவதற்கான வெள்ளைப் புள்ளி இருந்தது. உடம்பெல்லாம் நனைந்த மஞ்சள் மயிர். மஞ்சட்கரு மட்டும் இன்னும் வயிற்றுக்கு வெளியே இருந்தது. அது உள்ளே இழுபடுவது 19ஆம் நாள் அளவில்தான். அதாவது அந்தக் குஞ்சுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் சூடு கிடைத்திருந்தால் போதும். அக்கா அதற்கு மேல் ஒன்றையும் உடைக்க விடவில்லை.

இதில் கோழியின் பிழை ஒன்றுமில்லை. முட்டை பொரிக்க 21 நாள். பொரிப்பதற்கு முதல் நாளே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கத்தும்; கோழி தணிந்த குரலில் பதில் கொடுக்கும். குஞ்சுகள் வெளியே வந்து வயிற்றுக்குக் கீழே அசையத் தொடங்கியதும், அதை அடை கிடக்க வைத்த புரோலாக்டின் என்ற ஹோர்மோன் குறைந்துவிடும். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு குஞ்சுக்கு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். அந்த இடைவெளியில் பிந்திய குஞ்சுகளுக்காகக் கோழி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் பொறுக்கும். அதற்குப் பிறகு வந்த குஞ்சுகளைத் தீனிக்குக் கூட்டிக்கொண்டு இறங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவை பட்டினி கிடந்து சாகும். நாலைந்து நாள் பிந்திச் சேர்ந்த முட்டைக்கு அப்போது 17, 18 நாள்தான் ஆகியிருக்கும்.

சேதம் பிந்திய முட்டைகளோடும் நிற்பதில்லை. நடுத்தர ஊர்க்கோழி ஒன்றால் பத்து, பன்னிரண்டு முட்டையைத்தான் முழுதாக மூட முடியும். அதற்கு மேல் போனால் ஓரத்தில் சில வெளியே தெரியும். கோழி முட்டைகளை நாளுக்குப் பல தடவை புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்று ஒன்று குளிரும், நாளை இன்னொன்று குளிரும். மூன்று முட்டை கூடினால் மூன்று மட்டும் பழுதாகும் என்று நினைக்காதீர்கள். முதலில் வைத்த நல்ல முட்டைகளும் சேர்ந்து கெடும். நெருக்கத்தில் ஒன்று உடைந்தால் அந்தக் கரு மற்ற ஓடுகளில் ஒட்டி நாறும், எறும்பும் வரும்.

சரி, என்ன செய்வது? அடை கிடக்கிற பேட்டை முதலில் தனிக்கூட்டுக்கு மாற்றுங்கள். பகலில் தூக்கினால் பழைய பெட்டிக்கே ஓடப் பார்க்கும். நன்றாக இருட்டிய பிறகு தூக்கி, வைக்கோல் போட்ட பெட்டியில், போலி முட்டை இரண்டு மூன்றின் மேல் இருத்துங்கள். பிளாஸ்டிக் முட்டை போதும். ஓரிரு நாள் அங்கே அமைதியாகக் கிடந்தால், சேர்த்து வைத்த நல்ல முட்டைகள் எல்லாவற்றையும் ஒரே இரவில், ஒரே தடவையில் வையுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு முட்டையையும் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பேனை, மார்க்கர் வேண்டாம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, மை உள்ளே போகும். தனிக்கூடு கட்ட இடமே இல்லாத வீட்டில் இந்தக் கோடுதான் காப்பாற்றும். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் போல தின்னவும் எச்சமிடவும் இறங்கும். அந்த நேரம் போய்ப் பார்த்து, கோடு இல்லாத முட்டையை எடுத்துவிடுங்கள். ஒரு நாளும் தவறக் கூடாது.

ஏழாம் நாள் இரவு கைப்பேசி டோர்ச்சை முட்டையின் பருத்த பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்புகள் ஓடினால் உயிர் இருக்கிறது. நரம்பு ஒன்றும் இல்லாமல் வெறும் வெளிச்சமாகத் தெரியும் முட்டையை எடுத்துவிடலாம். எடுத்த இடத்தில் புது முட்டை வைக்கச் சொல்லி மனம் சொல்லும். வைக்காதீர்கள்.

ஏற்கெனவே பிந்திய முட்டை கலந்துவிட்டது, ஆனால் வித்தியாசம் ஒன்றிரண்டு நாள்தான் என்றால் ஒரு வழி உண்டு. முதலில் வந்த குஞ்சுகள் காய்ந்ததும் அவற்றை ஒரு பெட்டியில் மின்குமிழ் வெளிச்சத்தின் சூட்டில், கோழிக்குச் சத்தம் கேட்காத தூரத்தில் வைத்து, மிச்சத்தைக் கோழி பொரிக்க விடுங்கள். பிறகு இரவில் எல்லாவற்றையும் சேர்த்துக் கோழிக்குக் கீழே விடலாம். ஐந்து நாள் வித்தியாசத்துக்கு இது உதவாது.

வாரக்கணக்கில் வெளியில் சேர்த்த முட்டை

ஏறக்குறைய 21 பாகைக்கு மேல் கருவின் வளர்ச்சி மெதுவாகத் தொடங்கிவிடும். கொழும்பில் ஒரு சமையலறை எப்போதும் அதைவிடச் சூடு. அரைகுறையாகத் தொடங்கிய கரு பலவீனப்பட்டுச் சாகும். இங்கே நாலைந்து நாளுக்குள் இட்ட முட்டைகளையே வையுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்துச் சேருங்கள்.

முட்டையைக் கழுவுவது

வேண்டாம். ஓட்டின் மேல் உள்ள இயற்கைப் பூச்சு போய்விடும்.

தகரத்துக்குக் கீழே கூடு

மார்ச், ஏப்ரல் வெயிலில் தாழ்வான தகரக் கூரைக்குக் கீழே கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். முட்டையின் சூடு 38 பாகையை ஒட்டியே இருக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் கரு தாங்காது. கிடுகு போட்டு மறையுங்கள், இல்லையேல் நிழலுக்கு மாற்றுங்கள்.

பேன் பார்க்காமல் அடை வைப்பது

அடை கிடக்கும் பேடு மண் குளிப்பது குறைவு. பேனும் செள்ளும் பெருகி, தாங்க முடியாமல் முட்டையை விட்டு எழுந்துவிடும். முட்டை வைக்கும் முன்பே செட்டைக்கு அடியிலும் வாலுக்குக் கீழேயும் விலக்கிப் பாருங்கள். பழைய வைக்கோலைப் புதிதாக மாற்றுங்கள். கூட்டுக்கு வெளியே சாம்பல் கலந்த காய்ந்த மண் கொஞ்சம் கொட்டி வைத்தால் இறங்கும் நேரத்தில் புரளும்.

ஓட்டை உடைத்து உதவுவது

கை வைக்காதீர்கள். முதல் துளை விழுந்த பின் முழுதாக வர ஒரு நாள்கூட எடுக்கும். அவசரப்பட்டு உரித்தால் சவ்வில் ஓடும் இரத்தக்குழாய் அறுந்துவிடும்.

குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீனி

வீட்டில் இருப்பதையே போடுகிறார்கள். முட்டைக்கோழித் தீனியில் சுண்ணச்சத்து 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுக்கு ஒரு சதவீதம் போதும். கூடினால் சிறுநீரகம் கெடும். குஞ்சுத் தீனியையே தாய்க்கும் சேர்த்துப் போடலாம், அது அந்த நாட்களில் முட்டையிடுவதில்லை. குறுணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் கொடுத்து வளர்த்தால் புரதம் போதாமல் குஞ்சு தேறாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்தாலும் மூழ்காது.

மழையில் ஈர நிலத்தில் விடுவது

மே மாத மழையிலும், ஒக்டோபர், நவம்பர் இடிமழையிலும் கொழும்பில் நிலம் காய்வதே இல்லை. மூன்று வாரம் தாண்டிய குஞ்சு ஒடுங்கி நின்று இரத்தமாகக் கழிந்தால் அது ஈரத்தில் பெருகும் ஒட்டுண்ணி நோய். அன்றைக்கே மருந்து வேண்டும். மரத்தூளை அடிக்கடி மாற்றி, தரையை உலர்வாக வைத்தால் பாதிக்கு மேல் தப்பலாம். நுளம்பு கோழியம்மையைக் கொண்டுவரும். அம்மைக்கும் இராணிக்கெட் நோய்க்கும் தடுப்பூசி உண்டு. ஒரு குப்பி நிறையக் கோழிகளுக்குப் போதும் என்பதால், பக்கத்தில் வளர்ப்பவர்களோடு சேர்ந்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காகம்

முதல் மூன்று வாரம் மேலே வலை இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

தாயிடமிருந்து குஞ்சுகளைத் தூக்குவது

ஆறு, எட்டு வாரத்தில் தாய் தானாகவே குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்கும், மறுபடி முட்டையிடவும் ஆயத்தமாகும். அதற்கு முன் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. பிரிக்கும் நேரம் வந்தால் தாயை எடுத்துப் பழைய கோழிகளோடு விடுங்கள். குஞ்சுகள் பழகிய கூட்டிலேயே, ஒன்றாகவே இருக்கட்டும்.