வளவுக்குள் மீனும் கீரையும்: முதல் தொட்டி வைக்கிறவர்களுக்கு

தாங்கியில் மீன் வளர்த்து, அந்தத் தண்ணீரைச் சல்லியில் நிற்கும் பயிருக்கு ஏற்றித் திரும்பத் தாங்கிக்கே விடுகிற முறை (அக்குவாபொனிக்ஸ்) இது. இதில் முதலில் யோசிக்க வேண்டியது மீனை அல்ல, கல்லை. மீன் தண்ணீர் ஏறிப் பாயும் பயிர்த் தொட்டிக்கு ஒரு அடி ஆழத்துக்குச் சல்லி வேண்டும், ஆனால் யாழ்ப்பாணத்தில் வளவைக் கிண்டினால் வருவது சுண்ணாம்புக்கல், அதைப் போட்டால் ஏற்கனவே கடினமான கிணற்றுத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கவே இறங்காது. ஒரு கல்லில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம். கருங்கல் சல்லி வாங்கி வடிவாகக் கழுவிப் போடுங்கள்.

சரி, மிச்சம் லேசு. 500 லீற்றர் தாங்கி, மேலே அதன் அரைவாசி அளவில் பயிர்த் தொட்டி, தாங்கித் தண்ணீர் முழுவதையும் மணிக்கு ஒருமுறை சுற்றவைக்கும் சின்ன மோட்டர். பிறகு ஏழெட்டுத் திலாப்பியாக் குஞ்சு மட்டும். மீன் கழிவில் வரும், மீனுக்கே நஞ்சான அமோனியாவை நைத்திரைற்றாக்கி, அதைப் பயிர் எடுக்கும் நைத்திரேற்றாக மாற்றுகிற பக்டீரியா பெருக 4 முதல் 6 கிழமை செல்லும், அதுவரை தீனியைக் கிள்ளித்தான் போட வேண்டும். பாவம் பார்த்து அள்ளிப் போடுகிறவர்கள்தான் மீனைக் கொல்கிறார்கள்.

பொன்னாங்காணி, வல்லாரை, கங்குங் முதலில். மிளகாய், தக்காளி பிறகு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அநேகமாக இரும்புச்சத்துக் குறைதான், பிஎச் கூடின தண்ணீரில் இது வரும், கீலேற்று இரும்பு (பயிர் லேசாக எடுக்கக்கூடிய மாதிரிச் செய்த இரும்பு உரம்) கொஞ்சம் கரைத்து விடுங்கள். பூச்சிமருந்து கிட்டவும் வேண்டாம். சித்திரை வெயிலுக்குத் தாங்கிக்கு மேல் கிடுகு, கரண்ட் போகும் நேரத்துக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி.